புதிய காட்டுப் பூச்செடியை விவரிப்பது: பறிப்பதிலிருந்து பெயர் அச்சாவது வரை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி, தை பிறந்தால் என் கைப்பேசிக்குச் செடிப் படங்கள் வரத் தொடங்கும். கடலூர் கேப்பர் மலைச் செம்மண்ணில் பார்த்தது, புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில் பார்த்தது, பிச்சாவரம் போகிற வழியில் உப்பங்கழி ஓரம் பார்த்தது. "எந்தப் புத்தகத்திலும் இல்லை, புதுசுதானே?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

படத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதிலைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலானோர் பெயரில் தொடங்குகிறார்கள். இந்த வரிசையில் பெயர் பத்தாவது.

1. கிளம்பும் முன்: யாருடைய நிலம், யாருடைய அனுமதி

புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று கொம்யூன்கள் (உள்ளாட்சிப் பகுதிகள்) கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொன்றைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. ஊசுட்டேரியும் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாகச் சேர்ந்தது. போகும் இடத்தை வரைபடத்தில் குறித்துப் பார்த்த பிறகுதான் எந்த வனத்துறைக்குக் கடிதம் எழுதுவது என்றே தெரியும்.

இதில் தவறினால் இரண்டு இடத்தில் அடி விழும். அனுமதி இல்லாமல் எடுத்த செடியை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. உலர்செடித் தாளில் ஒட்டும் சீட்டில் மாவட்டம் தவறாக இருந்தால், அது நூறு வருடம் கழித்தும் ஆட்களைத் தவறான ஊரில் தேடவைக்கும்.

கோயில் காடுகளுக்கு வனத்துறைக் கடிதம் மட்டும் போதாது. திருமாணிக்குழியிலோ கீழ்ப்புத்துப்பட்டிலோ போய் நின்றால், முதலில் பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் பேசுங்கள். ஐயனார் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். நம் கரையோரத்தில் மிச்சமிருக்கும் வறண்ட பசுமைமாறாக் காட்டின் துண்டுகளை அந்த வழக்கம்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், களைக்கொத்தி, கிளை வெட்டும் கத்தரி, பழைய செய்தித்தாள், மரச் சட்டத்தால் ஆன அழுத்தி, பென்சில், வயல் குறிப்பேடு, சிறிய மூடிபோட்ட பாட்டில்களில் 70 சதவீத ஆல்கஹால், சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் உறைகள், அளவுகோல். ஜெல் பேனா வேண்டாம், மழையில் கரைந்துவிடும்.

2. ஒரே நாள், ஒரே இடம், ஒரே எண்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டியவர்கள்தான் ஒரு வருடம் கழித்து மறுபடி இங்கேயே வந்து நிற்கிறார்கள்.

ஒரு சிற்றினத்தின் பெயர் எந்த உலர்செடியோடு நிரந்தரமாகக் கட்டப்படுகிறதோ, அதுதான் மூல மாதிரி. அந்த மாதிரி ஒரே சேகரிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு. ஒரே ஆள் அல்லது குழு, ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சேகரிப்பு எண்: இதுதான் ஒரு சேகரிப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி கார்த்திகையில் பூவோடு எடுத்த செடியையும், மாசியில் அதே குளக்கரையில் காயோடு எடுத்த செடியையும் ஒரே தாளில் ஒட்டி, அதையே மூல மாதிரி என்று எழுதிவிட்டார். ஒரே இடம்தானே என்பது அவர் எண்ணம். நாள் வேறானால் சேகரிப்பும் வேறு. அப்படியே அச்சாகியிருந்தால் அந்தப் பெயரே செல்லாது. நல்லவேளை, மதிப்பீட்டாளர் பிடித்துவிட்டார்.

அதனால் ஒரு செடி சந்தேகத்தைக் கிளப்பினால், ஒரே கூட்டத்தில் பூவும் காயும் சேர்ந்திருக்கும் நாளாகப் பார்த்து எடுங்கள். நம் பக்கத்துச் சிறு செடிகள் பலவும் மழை முடிந்து ஏரித் தண்ணீர் பின்வாங்கும்போது பூக்கும், வெயில் ஏறியதும் காய்ந்து மறைந்துவிடும். கரையின் மேல்பக்கம் காய், தண்ணீர் ஓரம் பூ என்று இரண்டும் ஒரே நாளில் கிடைக்கும் வாரம் ஒன்று இருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

எத்தனை எடுப்பது? நான்கைந்து தாள்களுக்கு வருமளவு வேண்டும். ஒன்று ஹோலோடைப், அதாவது மூல மாதிரி ஆகும், அதே எண்ணில் உள்ள மற்றவை ஐசோடைப் என்று, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் வேறு வேறு உலர்தாவரத் தொகுப்புகளுக்குப் போகும். ஒரு தொகுப்பில் பூச்சி அரித்தாலும் இன்னொன்றில் செடி மிஞ்சும். ஆனால் அங்கே இருப்பதே பத்துச் செடி என்றால் வேரோடு பிடுங்காதீர்கள். இருபது செடிக்கு ஒன்று என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு கிளை, இரண்டு பூ, அவ்வளவுதான். நாம் பெயர் வைப்பதற்காக ஒரு செடி அழியக் கூடாது.

3. வாடுவதற்குள் எழுத வேண்டியவை

உலர்ந்த செடியில் நிறம் தங்காது. நீலம் பழுப்பாகும், வெள்ளை மஞ்சளாகும். பூ எத்தனை மணிக்கு விரிந்தது, வாசனை, பால் வடிகிறதா, தண்டு சதுரமா உருளையா, இதழின் உள்பக்கக் கோடு, மகரந்தப்பையின் நிறம், இலையின் அடிப்பக்க நிறம் இவையெல்லாம் வயலிலேயே எழுதப்பட வேண்டும். மண் மணலா, செம்பொறையா, உவரா? பக்கத்தில் என்ன செடிகள்? ஆடு மாடு மேய்கிறதா?

ஒரு பூவைத் திறந்து, அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அழகான படம் எல்லோரிடமும் இருக்கும், பிரித்த பூவின் படம் இருக்காது. சில பூக்களை ஆல்கஹாலில் போடுங்கள், வடிவம் கெடாமல் இருக்கும். டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால் இளம் இலைகளைக் கிழித்து சிலிக்கா ஜெல்லில் தனியாக வையுங்கள்.

ஆடு மேய்ப்பவர்களிடம் செடியின் பெயரைக் கேட்டு எழுதுவது நல்லது. ஆனால் அந்தப் பெயரையே செடியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணி, மஞ்சள் கரிசலாங்கண்ணி இரண்டுக்கும் ஊரில் ஒரே பெயர்தான், தாவரவியலில் இரண்டும் வேறு வேறு பேரினங்கள்.

4. அழுத்துவதும் உலர்த்துவதும்

செய்தித்தாளை முதல் சில நாட்கள் தினமும் மாற்றுங்கள். நம் கடலோர ஈரக்காற்றில் ஒரு நாள் விட்டாலும் பூஞ்சை பிடித்துவிடும். ஓர் இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியத் திருப்பி வையுங்கள். நரம்பும் தூவியும் அங்கேதான். ஒட்டும் தாள் 42க்கு 28 செ.மீ. அளவு, அதற்கு மேல் நீளமான செடியை வி வடிவில் மடக்கலாம். பூச்சிக்கு ஆழ்உறை பெட்டியில் வைப்பதே போதும், பழைய முறையில் பாதரசக் கரைசலைத் தொட வேண்டாம், அது கொடிய நஞ்சு.

5. பேரினம் வரை வருவது

இப்போதுதான் புத்தகம். கேம்பிளும் பிஷரும் 1915லிருந்து 1936 வரை எழுதி முடித்த சென்னை மாகாணத் தாவர நூல்தான் இன்றும் நம் பக்கத்துக்கு அடித்தளம். அதோடு திருச்சி ரபினாட் உலர்தாவரத் தொகுப்பை வைத்துப் பாதிரியார் மேத்யூ எழுதிய தமிழ்நாட்டுக் கர்னாட்டிக் சமவெளித் தாவர நூல்களையும் சேர்த்துப் பாருங்கள். கைலென்ஸோடு பூவைப் பிரித்துக்கொண்டே, குடும்பத்துக்கு ஒருமுறை, பேரினத்துக்கு ஒருமுறை என்று கேள்வி கேள்வியாகப் போக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று. புத்தகத்தில் இல்லாத செடி பெரும்பாலும் புதிய செடி அல்ல, வெளியூரிலிருந்து வந்த செடி. 1950களில் புனே பக்கம் பரவத் தொடங்கிய பார்த்தீனியத்தை கேம்பிளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அமெரிக்க வெப்பமண்டலக் களைகளின் பட்டியலைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பெயரும் ஏமாற்றும். மால்வாஸ்ட்ரம் கோரமண்டலியானம் என்று நம் சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கிய செடி கடலூர்த் தெருவோரங்களில் முளைத்துக் கிடக்கிறது. அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஒரு செடி எங்கே முளைத்திருக்கிறது என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது.

6. நெருங்கிய சிற்றினங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பது

மொத்த வேலையில் பாதி இங்கேதான். புதிய சிற்றினத்தை ஏரிக்கரையில் கண்டுபிடிக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது உலர்தாவரத் தொகுப்பில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

முதலில் அந்தப் பேரினத்தில் உலகம் முழுக்க ஏற்கப்பட்ட பெயர்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையத் தரவுத்தளங்களில் அது இலவசமாகக் கிடைக்கும். இந்தியா, இலங்கை, மியான்மர், தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கக் கடற்கரை என்று அருகிலிருந்து தொலைவுக்குப் போங்கள். தமிழ்நாட்டுப் பட்டியலோடு நின்றுவிடுவது பெரிய தவறு. செடிக்கு மாநில எல்லை தெரியாது.

அடுத்து இணைப்பெயர்கள். வேறொரு பெயரோடு சேர்த்து ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய பெயர்கள் இவை. நம் கரைக்கு இது மிக முக்கியம். இந்தியாவிலேயே ஐரோப்பியர் முதலில் செடி சேகரித்த இடங்களில் ஒன்று இது. தரங்கம்பாடியில் கோனிக், ரோட்லர், புதுச்சேரியில் சொன்னேரா, பிறகு 1816ல் வந்து தாவரவியல் தோட்டத்தைக் கவனித்த லெஷெனோ, அவருக்குப் பின் பெரோத்தே, தென்னிந்தியா முழுக்கச் சேகரித்த ராபர்ட் வைட் என்று இருநூறு வருடத்துக்கு முன்பே இங்கே அலசிவிட்டார்கள். உங்கள் செடிக்கு அப்போதே யாராவது பெயர் வைத்து, பின்னால் வந்தவர் அதை வேறொன்றோடு சேர்த்திருக்கலாம். அப்படியானால் அது புதிய சிற்றினம் அல்ல, பழைய பெயரை மீட்டெடுக்க வேண்டிய வேலை. அதுவும் நல்ல ஆய்வுதான்.

பாகூர் ஏரிக்கரையில் நான் எடுத்த ஒரு சிறு நீர்ச்செடியை எட்டு மாதம் புதியது என்றே நம்பினேன். விவரணையும் எழுதி, படமும் வரைந்தாயிற்று. பாரிஸ் தொகுப்பின் இணையப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, 19ஆம் நூற்றாண்டுத் தாள் ஒன்றில் அதே செடி, அதே காய், மூலையில் புதுச்சேரி என்ற கையெழுத்து. அந்தத் தாள்களை முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும். அதிலிருந்து எங்கள் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை அதுதான்.

ஒவ்வொரு நெருங்கிய சிற்றினத்துக்கும் மூன்றைப் பாருங்கள்: அதை முதலில் விவரித்த மூலக் கட்டுரை, அதன் மூல மாதிரி, வேறு வேறு ஊர்களில் எடுத்த தாள்கள் சில. பழைய நூல்கள் பல்லுயிர் மரபு நூலகம் என்ற இணையத் தளத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கியூ, எடின்பரோ, பாரிஸ் தாள்களின் படங்களும் இணையத்தில் உண்டு. ஆனால் தூவியின் வகையும் விதையின் புறத்தோற்றமும் படத்தில் தெரியாது. அதற்கு நேரில் போங்கள்: புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு, திருச்சி ரபினாட், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் (பி.எஸ்.ஐ.) தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் உலர்தாவரத் தொகுப்பு. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் போனால் தாள்களைக் கையில் தந்து பார்க்கவிடுவார்கள். தாளைப் புத்தகப் பக்கம்போல் புரட்டக் கூடாது, மேசையில் படுத்தவாக்கிலேயே நகர்த்த வேண்டும்.

7. வேறுபாடு உண்மைதானா?

கடற்காற்றில் வளரும் செடி குட்டையாகவும் இலை தடித்தும் இருக்கும். ஆடு கடித்த செடி தரையிலிருந்தே கிளைக்கும். நிழலில் இலை அகலும். இவற்றை வைத்துச் சிற்றினம் கட்டக் கூடாது. குறைந்தது பத்து, இருபது செடிகளை அளந்து, பக்கத்து ஊர்க் கூட்டத்தையும் பார்த்து, எந்தப் பண்பு மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். இலையின் அளவு அசையும். புல்லிவட்டம், மகரந்தத்தாள் ஒட்டியிருக்கும் இடம், காய் வெடிக்கும் விதம், விதையின் புறத்தோற்றம் இவை பெரும்பாலும் நிற்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள் சேர்ந்தே மாறினால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

கலப்பினத்தையும் சந்தேகப்படுங்கள். பிச்சாவரத்தில் ஆய்வாளர் கதிரேசன் 1990களில் ரைசோஃபோரா அன்னமலயானா என்று பெயரிட்ட சுரபுன்னை, அங்கேயே வளரும் இரண்டு சுரபுன்னைகளின் இயற்கைக் கலப்பு என்று பின்னால் தெளிவானது. பெயர் செல்லும், கலப்பைக் காட்டும் பெருக்கல் குறியோடு எழுதுகிறார்கள். இரண்டு உறவினர்களுக்கு நடுவே எல்லாவற்றிலும் பாதியாக நிற்கும் செடியைப் பார்த்தால் மகரந்தத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பகுதி சுருங்கிக் கிடந்தால் கலப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

8. விவரணையும் வேறுபாட்டுக் குறிப்பும்

இரண்டு பகுதி எழுத வேண்டும். ஒன்று, எதிலிருந்து எப்படி மாறுகிறது என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லும் வேறுபாட்டுக் குறிப்பு. மற்றது வேரிலிருந்து விதை வரை முழு விவரணை: வளரியல்பு, தண்டு, இலையடிச் செதில், இலைக்காம்பு, இலை, மஞ்சரி, பூவடிச் செதில், புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், கனி, விதை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாளை ஒருவர் இன்னொரு செடியோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

மொழி விஷயம். 1935லிருந்து 2011 முடிய லத்தீன் கட்டாயமாக இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் தமிழ் விவரணை ஒன்றையும் எழுதி வையுங்கள், அந்த ஊர்ப் பள்ளிக்கு அதுதான் உதவும்.

அளவுகளை "3–5 மி.மீ." என்று வீச்சாக எழுதுங்கள். பசுஞ்செடியில் அளந்ததா, உலர்ந்ததா என்பதைக் குறிப்பிடுங்கள். இரண்டையும் கலந்தால் ஒப்பீடு பொய்யாகும். கோட்டோவியத்தை விதித்தொகுப்பு பூச்செடிகளுக்குக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் ஆய்விதழ்கள் கேட்கும். ஒவ்வொரு உறுப்புக்கும் தனி அளவுகோடு போடுங்கள்.

9. ஹோலோடைப் எங்கே இருக்கும்?

ஹோலோடைப் ஒரே தாள், ஒரே தொகுப்பில். 1990லிருந்து ஹோலோடைப் என்ற சொல்லோ அதற்கு ஈடான சொல்லோ கட்டுரையில் இருக்க வேண்டும், எந்தத் தொகுப்பில் வைக்கப்பட்டது என்றும் எழுத வேண்டும். "கோவையிலும் புதுச்சேரியிலும்" என்று இரண்டு இடத்தைச் சொன்னால் சிக்கல். கட்டுரை அனுப்புவதற்கு முன்பே தாளைக் கொடுத்து, அங்கே தாளுக்குத் தரும் சேர்க்கை எண்ணை வாங்கிவிடுங்கள். வீட்டு அலமாரியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ வைத்துக்கொள்ளக் கூடாது.

2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, புதிதாகக் கண்டறிந்த உயிரினத்தை நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, சான்றுச் செடியையும் ஒப்படைக்க வேண்டும்.

10. பெயர்

இப்போது பெயர் வைக்கலாம். அதே பேரினத்தில் அதே சொல் ஏற்கெனவே இருக்கிறதா என்று பன்னாட்டுத் தாவரப் பெயர்க் குறியீடு (ஐ.பி.என்.ஐ.) என்ற இணையப் பட்டியலில் தேடுங்கள். வேறு நாட்டுச் செடிக்கு வைத்திருந்தாலும், இணைப்பெயராக இருந்தாலும், அந்தச் சொல் போயிற்று. பேரினப் பெயரையே திரும்பச் சொல்வதும் தாவரங்களில் கூடாது.

லத்தீனில் பேரினத்துக்குப் பால் உண்டு, பேரினப் பெயருக்கு அடுத்து வரும் அடைச்சொல் அதற்கேற்ப முடியும். கடலூரை வைத்துப் பெயரிட்டால் பெண்பாலான ரோட்டாலாவோடு "கடலூரென்சிஸ்" வரும், அலிபாலான எரியோகாலனோடு "கடலூரென்சே" வரும். முடிவு தவறினால் பெயர் செத்துவிடாது, திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஊர்ப்பெயர் வைப்பதற்கு முன் யோசியுங்கள். அடுத்த வருடமே அது நாகப்பட்டினத்திலும் கிடைக்கலாம். செடியின் பண்பைச் சொல்லும் பெயர் நிற்கும்.

தமிழ்ச் சொல்லையும் வைக்கலாம். முருங்கையிலிருந்து மொரிங்கா வந்தது, வெட்டிவேரிலிருந்து வெட்டிவேரியா. செடியைக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரர் அதை எப்படி அழைத்தாரோ அந்தச் சொல் கிடைத்தால் அதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை.

11. அழிநிலை மதிப்பீடு

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் முறைப்படி, செடி இருக்கும் 2 கி.மீ. சதுரக் கட்டங்களை எண்ணி வாழ்விடப் பரப்பைக் கணக்கிடுவார்கள். 10 சதுர கி.மீ.க்குக் கீழே வந்தவுடன் "மிக அருகிய இனம்" என்று எழுதிவிடுகிறார்கள் பலர். பரப்பு மட்டும் போதாது. வாழ்விடம் சிதறிக் கிடப்பது அல்லது ஓரிடத்தில் மட்டும் இருப்பது, தொடர்ந்து குறைந்து வருவது, எண்ணிக்கை கடுமையாக ஏறி இறங்குவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். ஒரே இடத்தை ஒரே பருவத்தில் பார்த்திருந்தால் "தரவு போதாது" என்று எழுதுவதே நேர்மை. அரிய செடியானால் துல்லியமான இருப்பிடப் புள்ளியை அச்சிட வேண்டாம். தொகுப்பில் உள்ள சீட்டில் இருந்தால் போதும்.

12. வெளியீடு

ரீடியா, நெலும்போ, கியூ புல்லட்டின், ஃபைட்டோடாக்ஸா போன்ற ஆய்விதழ்கள் இத்தகைய கட்டுரைகளை வெளியிடுகின்றன. இணையத்தில் மட்டும் வரும் இதழானால், 2012லிருந்து ஐ.எஸ்.எஸ்.என். என்ற பன்னாட்டு இதழ் எண்ணோடு பி.டி.எஃப். வடிவில் வர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் அச்சிடும் இதழ்கள் பக்கம் போகாதீர்கள். பெயர் செல்லுபடியாகிவிடும், ஆனால் யாரும் சரிபார்க்காத விவரணை அந்தச் செடியின் மேல் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

முனைவர் பட்ட ஆய்வேட்டில் பெயரை எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. 1953லிருந்து ஆய்வேடு தானாக வெளியீடு ஆகாது. செய்தித்தாளில் வந்தாலும் அப்படித்தான். கட்டுரைக்கு முன்பே நிருபரிடம் பெயரைச் சொல்லிவிட்டால், பெயர் ஊரெல்லாம் சுற்றும், விதிப்படி அது பிறந்தே இருக்காது.

கட்டுரை வந்ததும் ஐசோடைப்களை மற்றத் தொகுப்புகளுக்கு அனுப்புங்கள். சில வாரம் கழித்துப் பன்னாட்டுப் பெயர்க் குறியீட்டில் பெயர் சரியான எழுத்தோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பிழை இருந்தால் எழுதினால் திருத்துவார்கள். பிறகு ஒரு பிரதியையும், செடியின் படத்தையும், அந்தத் தமிழ் விவரணையையும் எடுத்துக்கொண்டு செடி எடுத்த ஊருக்குப் போங்கள். ஏரியைத் தூர்வாரும் முன், கரையைச் செதுக்கும் முன், அங்கே என்ன நிற்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.